கொல்லைப்புறத்துப் பெயர்கள்

அட்லாண்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்த கோடை விடுமுறையில், ஒரு நாளைச் சார்ல்ஸ்டன் நகரத்துக்கென்று ஒதுக்கினோம். தெற்குக் கரோலினா மாநிலத்தில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நாக்குப் போல நீண்டு கிடக்கிற ஊர். 1670இல் ஆங்கிலேயர்கள் ஏற்படுத்திய குடியேற்றம். "பழைய ஊர் பாக்கணும்னு சொன்னியேம்மா, இந்த நாட்டுல இதைவிடப் பழசு ரொம்பக் கிடைக்காது" என்றாள் தங்கை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்த அம்மா சிரித்துக்கொண்டாள். முதல் நாள் இரவே போய்த் தங்கிவிட்டு, வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்கினோம். அம்மா, நான், தங்கை, அவளுடைய பதின்மூன்று வயது மகள். நான்கு பெண்கள்.

முதலில் ஈஸ்ட் பே தெரு. வானவில் வரிசை என்று பெயர் பெற்ற 13 வீடுகள் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள், வெளிர் நீலம். வணிகர்கள் கட்டியவை, பிறகு சீரழிந்து கிடந்தவை. அவற்றை மீட்டவர்கள் பெண்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட், 1920இல் பழைய வீடுகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். 1930களில் டோரதி லெக் தன் வீட்டுக்கு இளஞ்சிவப்புப் பூசியபின் தெருவே நிறம் மாறியது. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீடுகள் அழகாக அழகாக, அந்தப் பகுதிகளில் வாடகைக்கு இருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. பெண்கள் காப்பாற்றிய நகரம் என்று சொல்லும்போது, எந்தப் பெண்கள், யாருக்காக என்ற கேள்வி காலையிலேயே கூட வரத் தொடங்கிவிட்டது.

சற்றுத் தள்ளிச் சால்மர்ஸ் தெருவில் பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம். தெருவோரத்தில் மனிதர்களை ஏலம் விடுவதை 1856இல் நகராட்சி தடை செய்தது. விற்பனை நிற்கவில்லை, நான்கு சுவர்களுக்குள் போனது. அப்படி எழுந்த ஏலக்கூடங்களில் இது ஒன்று. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் பத்தில் நான்கு பேர் இந்த ஊரின் துறைமுகம் வழியாக வந்திருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. இந்த ஊருக்கே உரிய இன்னொரு சான்று செப்பு வில்லைகள். தம் அடிமைகளை வெளியே கூலி வேலைக்கு அனுப்பிய உரிமையாளர்கள், ஆண்டுதோறும் நகராட்சிக்குக் கட்டணம் கட்டி வில்லை வாங்க வேண்டும். அதில் ஊர்ப் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், வேலைக்காரர், சுமைதூக்கி என்று தொழில் இருக்கும், ஓர் எண் இருக்கும். அணிந்தவரின் பெயர் மட்டும் இருக்காது.

நண்பகலில் நகரச் சந்தைக்குப் போனோம். அங்கே கறுப்பினப் பெண்கள் உட்கார்ந்து புல்கூடை முடைகிறார்கள். இனிப்புப் புல் என்று அவர்கள் அழைக்கும் கடற்கரைப் புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றி, ஓலைக் கீற்றால் தைக்கிறார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வரும் வேலை, வேர் மேற்கு ஆப்பிரிக்காவில். தட்டையான, அகன்ற ஒரு கூடையை அம்மா கையில் எடுத்தாள். இரண்டு கைகளாலும் பிடித்து, வெறும் காற்றில் ஒருமுறை புடைத்தாள். "இது முறம்டி" என்றாள். முடைந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அது நெல் புடைக்கும் கூடையேதான்.

அம்மாவின் கை சரியாகத்தான் கண்டுகொண்டது. இந்த ஊரின் செல்வம் நெல்லிலிருந்து வந்தது. சுற்றியிருந்த சதுப்பு நிலங்களை வரப்பு கட்டி, மதகு வைத்து வயலாக்கியவர்கள் அடிமைகள். உரலில் உலக்கையால் குத்தி, இந்தக் கூடைகளில் புடைத்து அரிசியாக்கியவர்களும் அவர்களே. நெல் சாகுபடியின் அறிவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக அங்கத்துப் பெண்களோடு வந்தது என்று 2001இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார் ஜூடித் கார்னி. அந்த அறிவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. உழைப்பு யாருடையது என்பதில் விவாதம் இல்லை.

நெல்லுக்கு அடுத்தது அவுரி. இந்த ஊரின் பெண் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் பெயர் எலைசா லூகாஸ் பிங்க்னி. தந்தை வெளியூரில் இருக்க, பதினேழு வயதுக்குள் பண்ணைப் பொறுப்பை ஏற்று, 1740களில் அவுரியை இந்த மண்ணில் வெற்றிகரமாக விளைவித்தவர். துணிச்சலான பெண், சந்தேகமில்லை. இலைகளை அழுகவைக்கும் தொட்டிகளின் நாற்றத்தில் நின்றவர்கள் வேறு பெண்கள், வேறு ஆண்கள். அந்த நீலத்துக்கு நம்மோடும் ஓர் உறவு உண்டு. நம் சோழமண்டலக் கரையில் நெய்து அவுரிச் சாயமிட்ட துணிகளை ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோயின. அங்கே மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் நம் துணியும் இருந்தது.

பிற்பகலில் போனது எலிசபெத் தெருவிலுள்ள ஏய்க்கன்-ரெட் மாளிகைக்கு. 1820 வாக்கில் கட்டியது. பின்னாளில் மாநில ஆளுநராக இருந்த வில்லியம் ஏய்க்கன் வாழ்ந்த வீடு. அவருடைய நெல் பண்ணையில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். இந்த மாளிகையைப் புதுப்பிக்காமல், கிடைத்தபடியே காத்துவருகிறார்கள். சுவர்த்தாள் உரிந்து தொங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த சரவிளக்குகளும் சிலைகளும் அப்படியே இருக்கின்றன. பின்பக்கம் உயரமான மதிலுக்குள் முற்றம். கீழே அடுப்படியும் சலவைக்கூடமும், மேலே அடிமைகள் படுத்த சிறிய அறைகள். ஆன் கிரெக்ஸ், டோர்காஸ் ரிச்சர்ட்சன் என்ற பெண்களின் பெயர்கள் அங்கே சொல்லப்படுகின்றன. பழைய ஆவணங்களைத் துழாவி எடுத்த பெயர்கள்.

அம்மா அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டாள். "நம்ம கொல்லை மாதிரியே இருக்குடி."

யாரும் பேசவில்லை. அம்மா பிறந்தது காவிரிப் பாசனத்தில் ஒரு மிராசு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பத்தாயம். நெல் குத்த வரும் பெண்கள் வாசல் வழியாக வரமாட்டார்கள். கொல்லைப் படல் வழியாக வந்து, உரலடியில் வேலை செய்துவிட்டு, அதே வழியாகப் போய்விடுவார்கள். அட்லாண்டிக் கடலைக் கடந்த அடிமை வணிகமும் தஞ்சைப் பண்ணையாள் முறையும் ஒன்றல்ல. ஆனால் தஞ்சைப் பகுதியில் உழவு அடிமைகள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதற்கும் ஒத்தி வைக்கப்பட்டதற்கும் ஆவணங்கள் உண்டு. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமையுடைமையைச் சட்டம் ஏற்காது என்று அறிவித்தது. அதன் பிறகும் 1952இல் பண்ணையாட்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலை இருந்தது.

தங்கை மகள்தான் கேட்டாள். "அம்மாச்சி, உங்க வீட்ல அந்த வேலை செஞ்சவங்க பேரு என்ன?"

அம்மா யோசித்தாள். "ஒருத்தி நல்லா ஞாபகம் இருக்கு. குத்துறப்ப மூச்சு விடுற சத்தம்கூடக் காதுல இருக்கு. பேரு... ஏ புள்ளன்னுதான் கூப்பிடுவோம். அப்ப எனக்கு எட்டு வயசு. அவளுக்கு அம்பது இருக்கும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெண்கள் வரலாற்றை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். பாட்டியின் அடுப்படியைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் ஒடுக்கப்பட்டவள் என் பாட்டி என்பதுதான் அதுவரை என் வரலாறு. அது பொய்யில்லை. ஆனால் அந்த அடுப்படிக்குப் பின்னால் ஒரு படல் இருந்தது, அதற்கு அப்பால் நான் பார்த்ததே இல்லை. சார்ல்ஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த நீதிபதி ஒருவரின் மகள்கள், சாராவும் ஆஞ்செலினா கிரிம்கேயும். பெண் விடுதலைக்காகவும் அடிமை ஒழிப்புக்காகவும் ஒருசேரப் பேசியவர்கள். 1836இல் ஆஞ்செலினா எழுதிய அடிமை ஒழிப்புச் சிறுநூலைப் பிறந்த ஊரே எரித்தது. அவர்கள் மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதவில்லை. தங்கள் உறவு வட்டத்து வீடுகளில் கண்ணால் கண்ட கொடுமைகளையும் 1839இல் சாட்சியமாகப் பதிவு செய்தார்கள். பெண்ணியம் தன் வீட்டிலிருந்து தொடங்குகிறது என்று நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். எந்த வாசலிலிருந்து என்று யோசித்ததில்லை.

ஊர் திரும்பியதும் மாமாவிடம் பழைய பண்ணைக் கணக்குகளைக் கேட்டேன். கறையான் விட்டுவைத்தது இரண்டு நோட்டுகள். பெண்களின் கூலி மரக்கால் கணக்கில் எழுதியிருந்தது. பெயருக்கான இடத்தில், இன்னான் பெண்சாதி, இன்னான் மகள். செப்பு வில்லையில் எண் இருந்த இடம் அது.

அந்தக் கணவர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். இரண்டாம் நாள் அந்தப் பெண்ணின் பேத்தியைக் கண்டுபிடித்தேன். அரசு மருத்துவமனையில் செவிலியர், என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். பாட்டியின் பெயரை உடனே சொன்னார். நான் நோட்டை எடுத்தேன்.

"பேரு தெரிஞ்சுக்குங்க மேடம். உங்க அம்மாகிட்டயும் சொல்லுங்க. எழுதறதை மட்டும் விட்டுருங்க. எம் பொண்ணு காலேஜ்ல வரலாறுதான் படிக்குது. அது எழுதும்" என்றார்.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அன்றிரவு அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அவள் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, பெயரோடு 'அம்மா' சேர்த்து இன்னொரு முறை சொன்னாள்.