மலையகப் பாதைகளில் பழைய லாண்ட் ரோவர்: இயந்திரக் கோளாறு அறிதலின் வரலாற்றுப் பின்னணி

இலங்கை மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும், தொழிலாளர் குடிபெயர்வையும், குடியுரிமைச் சட்டங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். புகையிரதப் பாதையின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆயின் புகையிரத நிலையத்துக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட கற்பாதைகளில் ஓடிய வண்டிகளைப் பற்றியும், அவற்றை ஓடச் செய்த கைகளைப் பற்றியும் எழுதப்பட்டது மிகக் குறைவு. ஒரு பழைய ஜீப் வண்டியின் இயந்திரம் சீராக ஓடாமல் உதறும்போது அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பது வெறும் தொழில்நுட்ப வினாவாகவே தோன்றும். ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளைப் பொறுத்தவரை அது வரலாற்று வினாவுமாகும். அவ்வுதறலுக்கு மலையின் உயரம் ஒரு காரணம். ஈரம் மற்றொரு காரணம். நாட்டின் பொருளாதாரம் மூன்றாவது காரணம். இம்மூன்றையும் பிரித்தறியும் ஆற்றல் எத்தகைய சூழலில் வளர்ந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டிலேயே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. புகையிரதமும் தேயிலையைத் தொடர்ந்து 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. எனினும் அப்பாதை ஒரு தனி இழை போன்றே சென்றது. தோட்டங்களோ அதன் இருபுறமும் பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் பரந்து கிடந்தன. நிலையத்திலிருந்து தோட்டம் வரையுள்ள தூரத்தை மாட்டு வண்டியும் தலைச்சுமையும் சில இடங்களில் கம்பி வடமுமே கடந்தன. நானுஓயாவிலிருந்து இராகலைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட குறுகிய புகையிரதப் பாதையும் 1940களில் மூடப்பட்டது. இவ்வாறு எஞ்சிய இடைவெளியை நிரப்பியவையே லொறியும் ஜீப்பும் லாண்ட் ரோவரும் ஆகும்.

லாண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட அமெரிக்க ஜீப்பே அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்கு பங்கீடு செய்யப்பட்டதால் அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டது. நான்கு உருளைகளைக் கொண்ட அதன் பெற்றோல் இயந்திரம் தொடக்கத்தில் 1595 கன சென்ரிமீற்றர் அளவினதாக இருந்து, 1958இல் 2286 கன சென்ரிமீற்றர் அளவை எய்தியது. நான்கு சில்லுகளுக்கும் உந்துவிசை செல்வதால் வழுக்கும் செம்மண் பாதைகளுக்கு அது ஏற்றதாயிற்று. அதே 1948ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வெளிநாட்டு வண்டி முறைப்படி பதிவு பெற்று ஓடிய பாதையை வெட்டிச் செப்பனிட்ட மக்களுக்கு நாட்டிற் பதிவில்லை.

இயந்திர அறிவு தோட்டங்களுக்கு வண்டிகளோடு வந்ததன்று. தேயிலைத் தொழிற்சாலையே மலையகத்தின் முதற் பட்டறையாகும். பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சனின் ‘சிறொக்கோ’ உலர்த்திகளும், கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனத்தின் உருட்டும் இயந்திரங்களும், அவற்றை இயக்கிய நீர்ச்சில்லு, நீராவி இயந்திரம், எண்ணெய் இயந்திரம் என்பனவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலைகளுக்கு ஏற்றப்பட்டன. கொழுந்து காத்திராது, பறித்த கொழுந்து உரிய நேரத்தில் உருட்டப்படாவிடின் தேயிலை கெடும். ஆகவே பழுதுற்ற இயந்திரத்தை உடனே இயங்கச் செய்யும் ‘பிட்டர்’ ஒருவர் தோட்டத்துக்கு இன்றியமையாதவரானார். ஓசையைக் கேட்டும், சூட்டைத் தொட்டும், எண்ணெயை முகர்ந்தும் பழுதறியும் பயிற்சி அங்கு உருவாயிற்று. பின்னர் வந்த மோட்டார் வண்டிகளுக்கும் அப்பயிற்சி பொருந்துவதாயிற்று.

இனி, உதறும் இயந்திரத்தை நோக்குவோம். மலையகத்தில் முதலில் எண்ணத்தக்கது உயரமாகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அமுக்கம் கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வளி ஐதாகும்போது காபரேற்றர் தரும் பெற்றோல் அதே விகிதத்திற் குறைவதில்லை. இதனால் கொழும்பிற் சீராக்கப்பட்ட வண்டி நுவரெலியாவை அடையும்போது அதன் கலவையில் பெற்றோல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிகுதியாகிறது. நின்றபடி ஓடுகையில் இயந்திரம் உதறும், புகை கறுக்கும், பிளக்கின் முனையிற் கரி படியும். டீசல் வண்டியும் இதற்கு விலக்கன்று. எரிபொருட் பம்பு முன்போலவே டீசலைத் தர, அதனை முற்றாக எரிப்பதற்கு வளி போதாமையால், ஏற்றத்திற் கரும்புகை எழும். இங்கு வண்டியிற் பழுதேதும் இல்லை என்பதே கவனிக்க வேண்டியது. இதனை அறியாதார் நல்ல உறுப்புகளைக் கழற்றி எறிவர். அறிந்தார் காபரேற்றரின் ஊசியைச் சிறிது திருகுவதோடு அல்லது சிறிய ஜெற்றை மாற்றுவதோடு அமைவர்.

அடுத்தது ஈரமாகும். பனிமூட்டமும் மழையும் மாறிமாறி நிலவும் மலைகளில் டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி படிகிறது. பிளக்கிற் பாயவேண்டிய மின்சாரம் அவ்வீரத்தின் வழியே கசிந்துவிடும். காலையில் உதறிய இயந்திரம் வெயில் ஏறியபின் தானே சீராகுமாயின் ஐயம் இதன்மீதே விழவேண்டும். உலர்ந்த துணியொன்றே மருந்தாகும். குளிர்ந்த இரவில் பாதி நிரம்பிய தாங்கியின் உட்சுவரிற் படியும் நீரும் எரிபொருளோடு கலந்து இதே குறியைக் காட்டலாம். வடிகட்டிக் கிண்ணத்தின் அடியிற் பெற்றோலுக்குக் கீழே தனித்து நிற்கும் நீர் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

உயரமும் ஈரமும் காரணமல்ல எனத் தெளிந்தபின்னரே இயந்திரத்தின் உள்ளே செல்லுதல் முறையாகும். கராஜ்களில் ‘மிஸ்ஸிங்’ எனப்படும் குறையை முதலிற் செவியால் வகைப்படுத்த வேண்டும். ஒரே தாளத்தில் ஓர் அடி மட்டும் தவறுமாயின் குறை ஓர் உருளையைச் சார்ந்தது. தாளமின்றி அங்குமிங்கும் தவறுமாயின் அது எல்லா உருளைகளுக்கும் பொதுவான எரிபொருளையோ பற்றவைப்பையோ சார்ந்ததாக இருத்தல் கூடும். முதல் வகையில், காப்பிட்ட கருவியினாற் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பர். எந்த வயரைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்த உருளையே வேலை செய்யாதது. அங்குள்ள பிளக்கை அடுத்த உருளைக்கு மாற்றும்போது குறையும் உடன் சென்றால் பிளக்கே குற்றவாளி. செல்லாவிடின் அவ்வுருளையின் அமுக்கத்தை அளக்க வேண்டும். அமுக்கம் குறைந்திருப்பின் சிறிது எண்ணெயை உள்ளே விட்டு மீண்டும் அளப்பர். அமுக்கம் உயர்ந்தால் முசல வளையங்கள் தேய்ந்தவை. உயராவிடின் வால்வு எரிந்திருக்கலாம். அடுத்தடுத்த இரு உருளைகளில் ஒருங்கே குறைந்திருப்பின் ஹெட் கேஸ்கட் அவற்றினிடையே கிழிந்திருக்கலாம்.

இரண்டாம் வகையில், பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்குள் உள்ளதா என்பதும், கொண்டென்சர் நன்னிலையில் உள்ளதா என்பதும் நோக்கப்படும். உள்ளிழு குழாயின் மூட்டுக்களில் வளி கசிந்தாலும் இயந்திரம் உதறும். 1960களின் பிற்பகுதியிலிருந்து லாண்ட் ரோவரிற் பொருத்தப்பட்ட சினித் காபரேற்றரின் மேல்மூடி சூட்டால் வளைந்து உட்கசிவை உண்டாக்குவது பலரும் அறிந்த குறையாகும். மொத்தத்தில், செலவில்லாத சோதனை முதலிலும் இயந்திரத்தைப் பிரிக்கும் சோதனை இறுதியிலும் வருதல் வேண்டும். ஒருமுறை ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணம் என்பது என்றும் தெரியாது போய்விடும்.

இம்முறை எல்லா நாடுகளுக்கும் பொதுவானதே. மலையகத்தில் இதற்குத் தனித்தன்மை தந்தது மூன்றாவது காரணமாகிய தட்டுப்பாடு எனலாம். 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. உறுப்பு மாற்றுதல் எளிதாயிருந்த நாடுகளில் ஐயத்துக்குரிய உறுப்பைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்திப் பார்ப்பதே சோதனையாக அமையலாம். புதிய உறுப்பே கிடையாதபோது நோயைச் சரியாக அறிதல் கட்டாயமாகிறது. வேறு வண்டியின் உறுப்பைச் செதுக்கிப் பொருத்தும் வழக்கமும், 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் யப்பானிய டீசல் இயந்திரங்களைப் பழைய உடலில் ஏற்றும் வழக்கமும் இதன் தொடர்ச்சிகளே. அத்தகைய வண்டிக்குத் தொழிற்சாலைக் கைந்நூல் முழுமையாகப் பொருந்தாது. அதன் வரலாற்றை அறிந்த மனிதரே அதன் கைந்நூலாவர்.

அம்மனிதரை இழப்பது எத்தகையது என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. கப்பலேறியவர்கள் கொழுந்து பறித்தோர் மட்டுமல்லர். சாரதிமாரும் பட்டறைத் தொழிலாளரும் அவருள் இருந்தனர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளுக்கு மாறியது. உரிமையாளர் மாறியபோதெல்லாம் வண்டிகள் கணக்கேட்டிற் பதியப்பட்டன. அவற்றைப் பேணிய அறிவு எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. தோட்டங்களிற் கொழுந்து ஏற்றிய லொறியிலேயே நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்களையும் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இந்நிலையில் ஒரு வண்டி நடுமலையில் நின்றுவிடாமற் பார்த்துக்கொண்டவரின் திறமை உயிர் காக்கும் திறமையாகவும் இருந்தது.

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவின் கமரன் மலைப் பகுதியில், தமிழ்த் தொழிலாளர் உழைத்த தேயிலைத் தோட்டங்களுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் இடையே பழைய லாண்ட் ரோவர்கள் பல்லாண்டுகள் ஓடின. பிரித்தானிய மலைத்தோட்டப் பொருளாதாரம் பரவிய இடங்களில் ஒரே வண்டியும் ஒரே குலத்து உழைப்பாளரும் சந்தித்தனர். ஆகவே அவ்வண்டிகளின் நீண்ட ஆயுளுக்கு அவற்றை ஆக்கிய ஆலையின் திறமையை மட்டும் காரணமாகக் கூறுதல் பாதி உண்மையே. மறுபாதி அவற்றைப் பேணிய உழைப்பாகும்.

இன்றும் நுவரெலியாப் பகுதியிற் பழைய ஜீப்புகளும் லாண்ட் ரோவர்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அவ்விடைக்காலம் பழையதைப் பேணும் கலையின் பயனை மீண்டும் உணர்த்தியது. ஆயின் கணினியால் இயங்கும் புதிய இயந்திரங்களில் செவியின் வேலை குறைந்துவருகிறது. பழைய கைகளும் முதுமையுறுகின்றன. எமது பல்கலைக்கழகங்களில் வரலாறு பயில்வோரும் பொறியியல் பயில்வோரும் ஒருங்கே சென்று, ஹட்டன் முதல் இராகலை வரையுள்ள கராஜ்களிலும் தொழிற்சாலைகளிலும் முதியோர் கூறுவதைப் பதிவுசெய்தல் வேண்டும். எவரிடம் கற்றார், எந்த உறுப்புக்கு எதனை மாற்றீடாக்கினார், எந்த ஓசைக்கு என்ன பெயரிட்டார் என்பன அங்கு கேட்கப்பட வேண்டிய வினாக்கள். மலையக மக்களின் உடலுழைப்பை வரலாறு ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்தம் அறிவுழைப்பையும் ஏற்றுக்கொள்வதற்கு இத்தகைய ஆய்வுகள் துணைபுரியும்.