பழைய கச்சேரியை மீட்பதென்றால்

சுண்டுக்குளிப் பழைய பூங்காவில் கூரையின்றி நிற்கும் பழைய கச்சேரியைப் புனரமைப்பது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், பணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். எதைக் கொண்டு, எந்த அளவுக்கு என்ற கேள்விகளே முந்த வேண்டும் என்பேன்.

இந்த வளவு டைக் துரையின் பெயரோடு பிணைந்தது. பேர்சிவல் அக்லண்ட் டைக் 1829இல் யாழ்ப்பாணத்தில் பொறுப்பேற்றவர், 1867இல் இறந்தார். இங்கிலாந்தில் ஜோர்ஜ் மன்னர்களின் காலம் 1830இல் முடிந்தாலும், அக்காலத்துச் சமச்சீர் முகப்பும் தூண் வரிசையும் குடியேற்ற நாடுகளில் நெடுநாள் நீடித்தன. எங்கள் வெயிலுக்காக விறாந்தை சேர்ந்துகொண்டது.

சீமெந்து வருமுன் யாழ்ப்பாணத்தில் முருகைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்தே பெரிய கட்டடங்களை எழுப்பினர். அப்படியான சுவர் மழைநீரை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். கடற்காற்றிலும் நிலத்திலும் உள்ள உப்பு அந்த ஈரத்தோடு சுவருக்குள் ஏறி, காயும்போது படிகமாகிக் கல்லையே பொடியாக்கும். பூச்சு பளபளப்பாக இருக்கும். உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். கோயில், பாடசாலை, நாற்சார் வீடு என்று எத்தனை இடத்தில் இதைச் செய்துவிட்டோம்!

ஆகவே நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பும், அதைக் கையாளத் தெரிந்த மேசன்மாரும் வேண்டும். முருகைக்கல்லைக் கடலில் இனி வெட்ட முடியாது, சட்டம் தடுக்கிறது. விழுந்து கிடக்கும் கல்லே மூலதனம். இடிபாடு என்று லொறியில் ஏற்றிவிடக் கூடாது. சுவரில் முளைத்த ஆல், அரசுகளையும் பிடுங்கக் கூடாது. வேர் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வரும். அடியில் வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்து, வெடிப்பைச் சாந்தால் நிரப்ப வேண்டும். மாரிக்கு முன் தற்காலிகக் கூரை போடுவது இவை எல்லாவற்றையும்விட அவசரம்.

நவீனப்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பயன்படாத கட்டடம் மறுபடி பாழாகும். 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் சமூகப் பயன்பாட்டை ஆதரிக்கிறது. ஆனால் புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது. மேல்தளம் வேண்டுமென்றால் சுவரில் பாரம் ஏற்றாமல் தனி இரும்புத் தூண்களில் நிற்கட்டும். மின்கம்பிகளைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் வெளியே குழாயில் கொண்டுபோகலாம். மலசலகூடமும் குளிரூட்டிகளும் பின்னால் தனிக் கட்டடத்துக்குப் போகட்டும். போர் தந்த வடுக்களில் ஒரு பகுதியாவது பூசப்படாமல் இருக்கட்டும். அவையும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதான்.