செம்பும் கண்ணாடியும்: லிமோஜ் நகரின் திருப்பேழைகள்

எனாமல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, நீல விளிம்பிட்ட வெள்ளைத் தட்டும் குவளையுமே. கை தவறிக் கீழே விழுந்தால் சில்லுத் தெறித்து, அவ்விடத்தில் கருநிற இரும்பு தெரியும். அத்தட்டின் மேல் இருப்பது வெறும் வண்ணப்பூச்சு அன்று. இரும்பின்மீது உருகிப் படிந்த கண்ணாடி. இதே முறையில் செம்பின்மீது பல நிறக் கண்ணாடியை உருக்கி, நற்கருணைச் சிமிழ்களையும் புனிதர்தம் அருளிக்கப் பேழைகளையும் சிலுவைகளையும் செய்து, ஐரோப்பா முழுமைக்கும் அனுப்பிய நகரம் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டிலுள்ள லிமோஜ் நகரமே அது. 12, 13-ஆம் நூற்றாண்டுகள் அதன் பொற்காலம். பொற்காலம் என்றாலும், அங்கே பொன்னுக்குப் பெரிய வேலை இருந்ததில்லை.

பொன்னில் எனாமல் செய்வது அதற்கு முன்பே பைசாந்தியப் பேரரசில் செழித்திருந்தது. மெல்லிய பொற்கம்பிகளை வளைத்து நிறுத்திச் சிறு அறைகளாக்கி, அவற்றுள் நிறங்களை இடுவது அவர்கள் வழி. அது அரண்மனைக்கும் பேராலயத்துக்கும் கட்டுப்படியாகும் செலவு. லிமோஜ் கைவினைஞர் எடுத்துக்கொண்டதோ செம்புத் தகடு. கம்பி வைத்து அறை கட்டாமல், தகட்டையே உளியால் குடைந்து பள்ளமாக்கினர். கண்ணாடியை இடித்துத் தூளாக்கி, நீரில் அலசி, ஈரத்தோடு அப்பள்ளங்களில் நிரப்பினர். உலர்ந்தபின் உலையில் ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் வைத்தால் தூள் உருகிச் செம்போடு ஒட்டிக்கொள்ளும். உருகும்போது அது சுருங்கி அமிழ்ந்துவிடுமாதலின், மீண்டும் நிரப்பி, மீண்டும் சுட வேண்டும். பள்ளம் நிறைந்தபின் கல்லால் தேய்த்து மட்டமாக்குவர். இறுதியில், பாதரசத்தில் கலந்த பொன்னை வெளியே தெரியும் செம்பின்மேல் பூசிச் சூடேற்றுவர்; பாதரசம் ஆவியாகிப் போக, பொன் மெல்லிய படலமாய்த் தங்கும். அந்த ஆவி நஞ்சு. பீடத்தின்மேல் மின்னும் பொன்முலாமைப் பார்க்கையில், அதைச் சுவாசித்தவர்களையும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

கண்ணாடித் தூளில் நிறம் தருபவை உலோகங்கள். கோபால்ட்டு நீலம் தரும்; செம்பு பச்சையும் பச்சை கலந்த நீலமும் தரும். லிமோஜ் பேழைகளின் பின்புலமாக விரியும் ஆழ்ந்த நீலத்தை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. அந்த நீலத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தேயோபிலுஸ் என்னும் துறவி, கைவினைகளைப் பற்றி இலத்தீனில் நூலொன்று எழுதினார். பிறசமயத்தாரின் பழங்கட்டடங்களில் பதித்திருந்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பிரெஞ்சு நாட்டார் சேகரித்து உருக்கிப் பயன்படுத்துவதாக அதில் அவர் கூறுகிறார். அக்கால எனாமல்களை இந்நாளில் வேதியியல் முறையில் ஆய்ந்தவர்களும், பலவற்றில் பழைய உரோமைக் கண்ணாடியே இருப்பதைக் கண்டுள்ளனர். உரோமையரின் சுவரை அழகு செய்த கண்ணாடி, ஓராயிரம் ஆண்டுக்குப்பின் ஒரு மறைசாட்சியின் பேழையில் வந்து அமர்ந்தது.

அந்த மறைசாட்சி கான்டர்பரிப் பேராயர் புனித தாமஸ் பெக்கெட். 1170 டிசம்பர் 29 அன்று அவருடைய பேராலயத்திற்குள்ளேயே அரசனின் வீரர் அவரை வெட்டிக் கொன்றனர். 1173-இல், அதாவது இரண்டே ஆண்டுகள் கடந்த நிலையில், அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய அருளிக்கங்களைத் தேடாத ஆலயம் இல்லை என்னும் நிலை உண்டாயிற்று. லிமோஜ் பட்டறைகள் அதற்கு ஈடுகொடுத்தன. சிறு வீடு போன்ற பேழை. முன்பக்கச் சுவரில், பீடத்தருகே நிற்கும் பேராயர்மேல் வாள்கள் பாய்கின்றன. கூரைப் பகுதியில் அவருடைய அடக்கம். வரலாற்றில் கொலைஞர் நால்வர். பேழைகளில் இடத்துக்கேற்ப அவர்கள் குறைவதுண்டு. கைவினைஞருக்கு வரலாற்றைவிடத் தகட்டின் அளவு முக்கியம் போலும்! இத்தகைய பேழைகள் இன்றும் ஏறத்தாழ ஐம்பது எஞ்சியுள்ளன.

பேழைகளைவிடப் பெருந்தொகையாய்ச் செய்யப்பட்டவை நற்கருணைச் சிமிழ்கள். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், எல்லா ஆலயங்களிலும் நற்கருணையும் கிறிஸ்மா தைலமும் பூட்டிய காவலில் வைக்கப்பட வேண்டும் எனப் பணித்தது. கவனக்குறைவாய் விட்டுவைக்கும் குருவுக்கு மூன்று மாதப் பணிநீக்கம்! சட்டம் பேராலயங்களுக்கு மட்டுமன்று, ஏழைச் சிற்றூர்களுக்கும் உரியது. அச்சிற்றூர் வெள்ளிக்கு எங்கே போகும்? இங்கிலாந்தின் ஊஸ்டர் மறைமாவட்டச் சட்டம் ஒன்று 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, வெள்ளி அல்லது தந்தத்தோடு லிமோஜ் வேலைப்பாட்டையும் தகுந்த பொருளாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. உள்ளங்கையில் அடங்கும் வட்டச் சிமிழ், கூம்பு மூடி, மேலே ஒரு சிலுவை, சுற்றிலும் நீலத்தில் பூங்கொடி. சில இடங்களில் புறா வடிவிலும் செய்தனர். சிறகுகளில் எனாமல் ஒளிர, சங்கிலியால் பீடத்துக்குமேல் அது தொங்கும், அதன் முதுகில் சிறு மூடி, உள்ளே நற்கருணை.

செய்தவர்கள் யாவர்? பெரும்பாலும் பெயரில்லை. லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டைச் சேர்ந்த கிண்ணம் ஒன்றில் மட்டும், லிமோஜைச் சேர்ந்த ஆசான் ஜி. அல்பே தன்னைச் செய்ததாக அக்கிண்ணமே கூறுவதுபோல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் உட்புறத்தில்.

14-ஆம் நூற்றாண்டில் நாகரிகம் மாறியது. வெள்ளியின்மேல் ஒளி ஊடுருவும் எனாமலைச் செல்வர் விரும்பலாயினர். 1370-இல் ஆங்கிலேய இளவரசர் எட்வர்டின் படை லிமோஜைச் சூறையாடியது. பின்னர் அந்நகரம் ஓவியம்போல் எனாமல் தீட்டும் புதுக்கலையில் மீண்டும் புகழ்பெற்றது. அது வேறு கதை.

செம்பு மலிவானது என்பதே இவற்றைக் காத்தது என்று சொல்வதுண்டு. பொன்னும் வெள்ளியும் போர்க்காலங்களில் உருக்குலையில் விழுந்தபோது செம்பைச் சீண்டுவார் இல்லை என்பது ஓரளவு உண்மையே. ஆனால் லிமோஜுக்கு அருகிலிருந்த கிராண்ட்மோன் துறவு மடத்தின் கதை வேறு விதமானது. கடும் ஏழ்மையை நோன்பாகக் கொண்ட துறவியர் அவர்கள். அவர்களுடைய தலைமைப் பீடமோ எனாமல் தகடுகளால் போர்த்தப்பட்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அச்சபை கலைக்கப்பட்டது. 1790-இல் மடத்தின் உடைமைகள் பிரிக்கப்பட்டன. பீடம் செம்பின் விலைக்கு ஒரு கன்னாரிடம் போயிற்று. யாரும் பகைமையால் அதை உடைக்கவில்லை. எடை போட்டார்கள், அவ்வளவே. நம் பங்குகளிலும் ஆலயம் புதுப்பிக்கும் நாட்களில் பழைய தூபக்கலமும் குத்துவிளக்கும் இதே போலத் தராசில் ஏறுவதைக் கண்டிருக்கிறேன். புதிதாய் வருவது பெரும்பாலும் பளபளப்பாயிருக்கும், அதை மறுக்கவில்லை.

கிராண்ட்மோன் பீடத்தில் எஞ்சியவை எனச் சொல்லப்படும் இரண்டு தகடுகள் பாரிசின் குளூனி அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒன்றில் அச்சபையை நிறுவிய புனித ஸ்தேவான் தம் சீடரோடு உரையாடுகிறார். மற்றொன்றில் ஞானிகள் மூவர் குழந்தை இயேசுவை வணங்குகின்றனர். அதே 1790-இல் அம்மடத்தின் அருளிக்கப் பேழைகள் சுற்றிலுமுள்ள சிற்றூர்ப் பங்குகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றுள் மிகச் சிறந்தது அம்பசாக் என்னும் ஊருக்குக் கிடைத்தது. முக்கால் மீட்டர் நீளம் வரும் பேழை அது. புரட்சியின் கொந்தளிப்பை அது கடந்தது. 1907-இல் திருடர் அதைக் கொண்டுபோனார்கள்; தேடி மீட்டு வந்தனர். மீண்டும் அது அம்பசாக்கின் பங்கு ஆலயத்திலேயே வைக்கப்பட்டது.