எங்கே நோகிறது? – யாழ்ப்பாணத்து வைத்தியப் பணியில் கனிவின் கதை

பாடசாலை நாட்களில் ‘பிறரை மகிழ்வித்தல்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதாதவர் எங்களுள் யாரும் இருக்க மாட்டோம். அன்பு, இரக்கம், கனிவு என்ற சொற்களை அடுக்கி, முடிவில் ஒரு குறளையும் சேர்த்துவிட்டால் நல்ல புள்ளி கிடைத்துவிடும். கனிவு உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது, அது துன்பப்படுபவரிடம் போய்ச் சேர ஒரு வழியும் வேண்டும் என்பதை அந்தக் கட்டுரைகளில் நாங்கள் எழுதியதில்லை. அந்த வழியைப் பாடுபட்டுத்தான் உண்டாக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது. இதற்கான சான்று எங்கள் மண்ணின் வைத்திய வரலாற்றிலேயே இருக்கிறது. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அதை நினைவுகூர விரும்புகிறோம்.

அமெரிக்க மிஷனின் முதல் வைத்தியரான ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் பணி தொடங்கினார். அவருக்குப் பின் நேத்தன் வார்ட் வட்டுக்கோட்டையில் பணியாற்றினார். வார்டின் இடத்துக்கு 1847இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 25. அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். இன்று கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று நாம் அழைப்பது அந்த இடத்தில் வளர்ந்ததுதான். மதத்தைப் பரப்புவதே மிஷனின் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை எதிர்த்தவர்களும் இங்கு இருந்தார்கள். ஆயினும் நோயாளியின் கட்டிலருகே கிறீன் செய்த வேலையைத் தனியாக எடுத்துப் பார்ப்பது தகும்.

யாழ்ப்பாணத்தவருக்கு வைத்தியம் புதிதல்ல. பரியாரியார் எல்லா ஊரிலும் இருந்தார். அவர் நாடி பார்த்து, நோயாளியின் வீட்டுத் திண்ணையிலேயே இருந்து, நோயாளியின் சொல்லிலேயே பேசினார். கடல் கடந்து வந்த வைத்தியரிடம் கத்தியும் மருந்தும் இருந்தன, ஆனால் அந்தப் பேச்சு இருக்கவில்லை. இந்தக் குறையைக் கிறீன் உணர்ந்தார். தமிழைப் பேசவும் வாசிக்கவும் எழுதவும் கற்றார். உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைப் பயிற்றத் தொடங்கினார்.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். ஊரில் நோயாளர் முன்போலவே இருந்தார்கள். விடுமுறையில் நாடு சென்று 1862இல் திரும்பி வந்த கிறீன், அதன்பின் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்தார். தமிழில் படித்த வைத்தியர் தமிழர் ஊர்களிலேயே தங்குவார் என்பது அவருடைய கணக்கு. மாணவர்கள் வேட்டி சால்வையை விட்டுவிடக் கூடாது என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல்.

கற்பிக்கப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொல் வேண்டும். கிறீனும் மாணவர்களும் சேர்ந்து ஆங்கில வைத்திய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கினார்கள். சத்திரசிகிச்சை பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867இலும், உடற்கூற்றியல் நூலான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், இரசாயன நூலான ‘கெமிஸ்தம்’ 1875இலும் அச்சாயின. தமிழ்ச் சொல் இருந்தால் அதையும், இல்லையேல் வடமொழிச் சொல்லையும், இரண்டும் கைகொடாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் மாற்றியும் கையாண்டார்கள். உடல்நலம் கெட்டு 1873இல் ஊர் திரும்பிய பின்னும் அவர் இந்தப் பணியை விடவில்லை. உடற்றொழிலியல் நூலான ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருடைய குடும்பத்தின் நிலம் இன்று வூஸ்ரரில் பொதுப் பூங்காவாக இருக்கிறது. அந்தப் பக்கம் வாழும் எங்கள் சகோதரிகள் ஒருமுறை போய் வரலாம்.

இந்த நூல்களைத் தமிழ் வளர்ச்சியின் பக்கத்தில் வைத்துப் பேசுவதே வழக்கம். வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அவை இன்னொன்றையும் சொல்கின்றன. தனக்கு என்ன நோய், அது உடம்பில் எந்த இடத்தில், அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பவருக்கு நோவைவிடப் பயமே பெரிது. தெரிந்த சொல்லில் யாராவது எடுத்துச் சொன்னால், மருந்து வேலை செய்யுமுன்பே முகம் தெளிகிறது. ஒரு நோயாளிக்கு நாம் கொடுக்கக்கூடிய முதல் மகிழ்ச்சி அதுதான். அந்தச் சொற்களுக்காகக் கிறீன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

ஆனால் அவராலும் திறக்க முடியாத கதவு ஒன்று இருந்தது. 1857இலேயே ‘பிரசவ வைத்தியம்’ என்ற நூல் தமிழில் வந்துவிட்டது. பிள்ளைப்பேற்று அறைக்குள் ஆண் வைத்தியர் போவது எப்படி? மருத்துவிச்சி கைவிட்ட பிறகு, கடைசி நேரத்தில்தான் அவரை அழைப்பார்கள். வெட்கத்தால் நோயைச் சொல்லாமலே கிடந்த பெண்கள் எத்தனை பேரோ! நூல் தமிழில் இருந்தது. அதைக் கையில் எடுத்து அந்த அறைக்குள் போகப் பெண்தான் இருக்கவில்லை. உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கியிருந்தது. நம் பெண்கள் எழுத்துப் படித்தார்கள், ஆனால் மானிப்பாய் வைத்திய வகுப்பில் இருந்தவர்கள் ஆண்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர்கள் மேரி லீச், மார்கரெட் லீச் என்ற சகோதரிகள். 1880களில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அவர்கள், பின்னர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்று, இங்குள்ள பெண்களின் நிலையை எடுத்துச் சொல்லி நிதி திரட்டினார்கள். இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. பெண் வைத்தியரான இசபெல்லா கர் அங்கு நெடுங்காலம் பணியாற்றினார். நம் ஊர்ப் பெண்கள் தாதியராகப் பயிற்சி பெற்றார்கள். ‘பிரசவ வைத்தியம்’ அச்சாகி 41 ஆண்டுகளின் பின்னரே இந்தக் கதவு திறந்தது. “நான் இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்தனான்” என்று எங்கள் தாய்மாரும் பேத்திமாரும் சொல்வதை நாம் கேட்டு வளர்ந்தோம். அந்தச் சாதாரண வார்த்தையின் பின்னால் இருப்பது, தாயும் பிள்ளையும் பிழைத்து வீடு திரும்பிய நாளின் மகிழ்ச்சி.

இதே பணிக்கென 1896இல் கனடாவிலிருந்து வந்த மேரி எனும் பெண் வைத்தியரின் கதை, கனிவின் எல்லையையும் காட்டுகிறது. அவர் இரத்தினம் என்ற தமிழரை மணந்திருந்தார். அதன் காரணமாகவே மிஷன் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. தமிழருக்கு வைத்தியம் செய்யலாம், தமிழரை மணக்கக் கூடாது என்பதுதான் அந்த நாளின் மனம். மேரி இரத்தினம் மனமுடைந்து திரும்பிப் போகவில்லை. கொழும்பில் தங்கிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் செய்தார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கிக் கிராமத்துப் பெண்களைத் தேடிப் போனார். 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

எங்களில் வைத்தியத் துறைக்குப் போனவர்களுக்கு இந்தப் பாடம் தலைகீழாகவும் கிடைத்தது. உள்ளகப் பயிற்சிக்குத் தென்பகுதிக்கு அனுப்பப்பட்டபோது எங்களுக்குச் சிங்களம் சரியாக வராது. முதல் வாரம் விடுதியில் இருந்த சிங்கள ஆச்சி ஒருவர் நாங்கள் கேட்ட எதற்கும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தார். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலமாகவும் பாதி புத்தகச் சிங்களமாகவும் இருந்தது. இரவுக் கடமைத் தாதி ஒருவர் எங்களைத் தனியே அழைத்து, வீட்டில் பேசுவதுபோல் கேட்கக் கற்றுத் தந்தார். மறுநாள் கட்டிலில் இருந்து, கையைப் பிடித்து, “கொஹெத ஆச்சி ரிதென்னே?” என்று கேட்டோம். எங்கே ஆச்சி நோகிறது என்பதுதான் அதன் பொருள். எங்கள் உச்சரிப்பைக் கேட்டு ஆச்சி முதலில் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சிங்களத்திலும் பாட்டியை ஆச்சி என்றுதான் அழைப்பார்கள் என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

இன்று எங்கள் சங்கத்தின் சகோதரிகள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரு தமிழ் ஆச்சி ஏதாவதொரு வைத்தியசாலைக் கதிரையில், தன் பெயர் கூப்பிடப்படுவதுகூட விளங்காமல் காத்திருக்கிறார். பிள்ளைகள் வேலையில், பேரப்பிள்ளைக்குத் தமிழ் போதாது. நம் ஊரிலும் தமிழ் விளங்காத நோயாளரும், சிங்களம் விளங்காத நோயாளரும் ஒரே விடுதியில் இருக்கிறார்கள். ஒரு பிற்பகலை ஒதுக்கி அவர்களுடன் போயிருந்து, டொக்டர் சொல்வதை அவர்கள் சொல்லிலும், அவர்கள் சொல்வதை டொக்டரின் சொல்லிலும் எடுத்துக் கொடுப்பதற்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை. எங்கள் பாடசாலை தந்த மொழியும் பொறுமையும் போதும்.

கிறீன் போன பின் தமிழ்வழி வைத்திய வகுப்பு நிலைக்கவில்லை. அவருடைய நூல்களை இன்று வைத்திய மாணவர் படிப்பதில்லை. ஆனால் “எங்கை அம்மா நோகுது?” என்று நோயாளியின் சொல்லிலேயே கேட்கும் வழக்கம் எங்களிடம் எஞ்சியிருக்கிறது. அடுத்த நூற்றாண்டின் மாணவிகளுக்கு நாம் விட்டுச்செல்லக்கூடிய சொத்துக்களில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.