ஜெகன்மோகன் அரண்மனை அரங்கம்

ஜெகன்மோகன் அரண்மனை அரங்கம், கர்நாடக மாநிலம் மைசூரில் உள்ள பழைய அரசவை மண்டபம். இன்று இசை, நடனம், நாடகம் நடைபெறும் கலையரங்கம். இது அமைந்துள்ள அரண்மனையை மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1861இல் கட்டினார். தசாவதாரச் சிற்பங்கள் செதுக்கிய பெரிய மரக்கதவுகள் இதன் சிறப்பு.

1897இல் மைசூரின் பழைய முதன்மை மரஅரண்மனை தீக்கிரையானதும், அதற்கு மாற்றான புதியது 1912இல் முடியும்வரை அரச குடும்பம் ஜெகன்மோகன் அரண்மனையில் வசித்தது. 1902இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் வைசிராய் கர்சன் பிரபு முன்னிலையில் இங்கு முழு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மைசூர் சட்ட மேலவையின் முதல் கூட்டம் 1907இல் இங்கு நடந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் தொடக்ககாலப் பட்டமளிப்பு விழாக்களும் இங்கு நடைபெற்றன.

அரண்மனை 1915இல் ஓவியக்கூடமானது. 1955இல் அக்கூடம் மைசூர் மன்னர் ஜெயசாமராஜேந்திரரின் பெயரைப் பெற்றது. ஓவியர் ரவிவர்மாவின் ஓவியங்கள் இங்குள்ளன. தசரா காலத்தில் அரங்கில் கச்சேரிகள் நடக்கின்றன.