காணொளிவழி மார்பறை அறுவைச் சிகிச்சை

காணொளிவழி மார்பறை அறுவைச் சிகிச்சை என்பது, மார்பை அகலத் திறக்காமல், விலா எலும்புகளுக்கு இடையே இடப்படும் சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் அறுவைக் கருவிகளையும் செலுத்திச் செய்யப்படும் சிகிச்சை முறையாகும். வளிமார்பு (நியூமோதோராக்ஸ்) என்னும் நிலையில் நுரையீரல் மீண்டும் மீண்டும் சுருங்குவதைத் தடுக்க இது பயன்படுகிறது.

நோய்நிலை

நுரையீரலின் மேற்பரப்பையும் மார்புச் சுவரின் உட்பரப்பையும் புடைச்சவ்வு என்னும் மெல்லிய சவ்வு மூடியுள்ளது. இதன் இரு படலங்களுக்கும் இடையே காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்குகிறது. திடீர் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இதன் முதன்மை அறிகுறிகள் ஆகும். வேறு நுரையீரல் நோய் இல்லாத, உயரமான, மெலிந்த இளம் ஆண்களிடமும் இது தோன்றுவதுண்டு. நுரையீரல் உச்சியிலுள்ள காற்றுக் கொப்புளங்கள் வெடிப்பதே பெரும்பாலும் காரணமாகக் கருதப்படுகிறது. புகைபிடித்தல் இதற்கான வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகிறது.

சிகிச்சை தேவைப்படும் நிலைகள்

சிறிதளவு காற்று தானாகவே உறிஞ்சப்பட்டுவிடும். மிகுதியான காற்று ஊசி அல்லது மார்புக் குழாய் மூலம் வெளியேற்றப்படும். காற்றுக் கசிவு சில நாட்களாகியும் நிற்காதபோதும், நோய் திரும்பும்போதும் அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. விமானிகளுக்கு முதல் முறையிலேயே இது பரிந்துரைக்கப்படலாம். சேர்ந்த காற்று இதயத்தையும் பெருநாளங்களையும் அழுத்தும் இறுக்க வளிமார்பு உயிருக்கு ஆபத்தானது. அந்நிலையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திராமல் உடனடியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

செய்முறை

பொது மயக்க மருந்து அளிக்கப்பட்டு, இருவழிச் சுவாசக் குழாய் மூலம் மற்ற நுரையீரல் மட்டும் இயங்கச் செய்யப்படுகிறது. பொதுவாக 1 முதல் 3 துளைகள் இடப்படுகின்றன. மருத்துவர் திரையைப் பார்த்தவாறு, கொப்புளங்கள் உள்ள பகுதியை ஸ்டேப்ளர் கருவியால் வெட்டி மூடுகிறார். பின்னர் மார்புச் சுவரை ஒட்டிய படலம் உராய்த்துப் புண்ணாக்கப்படுகிறது, அல்லது அதன் ஒரு பகுதி நீக்கப்படுகிறது. சில வேளைகளில் டால்க் தூள் தூவப்படுகிறது. புண் ஆறும்போது இரு படலங்களும் ஒட்டிக்கொள்வதால், காற்று சேர இடமில்லாமல் போகிறது. இறுதியில் வைக்கப்படும் மார்புக் குழாய், கசிவு நின்றபின் அகற்றப்படும்.

வரலாறு

சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயுஸ், 1910 இல் சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியைக் கொண்டு மார்பறையைப் பார்வையிடும் முறையை வெளியிட்டார். அக்காலத்தில் காசநோயாளரின் நுரையீரலுக்கு ஓய்வளிக்க, மார்பறையில் காற்றைச் செலுத்தி அதனை வேண்டுமென்றே சுருக்குவர். அதற்குத் தடையாயிருந்த சவ்வு ஒட்டுகளை வெட்டவே அவரது முறை பெரிதும் பயன்பட்டது. காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் அப்பயன்பாடு அருகியது. 1990களில் சிறு காணொளிக் கேமராக்களும் ஸ்டேப்ளர்களும் பரவியபோது, அதே வழி நுரையீரல் சுருங்காமல் காப்பதற்குப் பயன்படலாயிற்று.

பயனும் வரம்பும்

திறந்த அறுவையைவிட இதில் வலியும் மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைவு. ஆயினும் நோய் திரும்பும் வாய்ப்பு திறந்த அறுவையில் ஏறத்தாழ 1 விழுக்காடாகவும், இதில் ஏறத்தாழ 5 விழுக்காடாகவும் மதிப்பிடப்படுகிறது. எனவே சிகிச்சைக்குப் பின்னரும் புகைபிடித்தலைக் கைவிடுதல் இன்றியமையாதது.