கணினிக்குள் ஒரு கணினி
மெய்நிகர் கணினி 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் பிறந்தது. மேசைக் கணினிக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. எக்ஸ்86 சில்லின் சில கட்டளைகள் மேற்பார்வை மென்பொருளின் பிடியில் சிக்காமல் நழுவியதே காரணம். 1999இல் வெளிவந்த விஎம்வேர் மென்பொருள் அவற்றை ஓட்டத்தின்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. அருமையான பொறியியல் சாதனை அது. 2005 முதல் சில்லுகளிலேயே மெய்நிகர் கணினிக்கான வசதி வரத் தொடங்கியது.

2007இல் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் திறமூலமாக வெளியானதும் லினக்ஸ் பழக விரும்பியோரின் பயம் தெளிந்தது. லினக்ஸ் நிறுவ வன்தட்டைப் பிரிக்கையில் கை தவறினால் விண்டோஸும் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும் என்ற பயம் அது. மெய்நிகர் கணினியிலோ உபுண்டு லினக்ஸின் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பைக் காட்டி, நினைவகம் ஒதுக்கினால் போதும். வட்டை முழுதும் அழித்து நிறுவச் சொன்னாலும் அழிவது ஒற்றைக் கோப்பின் உட்பகுதிதான். நிறுவியபின் சிறிதாக நிற்கும் திரை, கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளைப் போட்டதும் சன்னலின் அளவுக்கு விரியும்.